கடலுக்குள் நீண்ட பாலங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் புதுச்சேரி கடற்கரையைப் பற்றி ஒரு வரி எழுதியதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், நம் ஆட்களுக்குக் கடல் பாலங்கள் (அக்கரைக்குப் போகாமல், கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு அங்கேயே முடிகிறவை) மேல் இவ்வளவு ஆசை இருக்கிறதே என்று தோன்றுகிறது. சினிமா, அரசியல் கேள்விகள் அடுத்த இதழ் வரை காத்திருக்கட்டும். இந்த முறை முழுக்கக் கடலோரம்தான்.

கேள்வி: புதுச்சேரி காந்தி சிலைக்கு அருகே கடலுக்குள் சில இரும்புத் தூண்கள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அதுதான் 2022-இல் இடிந்து விழுந்த பாலமா? எங்கள் வீட்டில் இதற்காக இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். (வாசகி, விழுப்புரம்)

"இல்லை" என்ற கட்சிக்கு வெற்றி. இரண்டும் வேறு வேறு பாலங்கள்.

தூண்கள் பழைய பாலத்தினுடையவை. பிரெஞ்சுக்காரர்கள் 1866-இல் கட்டி முடித்தது, ஏறத்தாழ 250 மீட்டர் நீளம், இரும்புக் கால்களின் மேல் நின்றது. அதற்கு முன்னால் புதுச்சேரிக்கு வந்த கப்பல் எதுவும் கரையைத் தொட்டதில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் சலங்கு என்ற படகில் ஏறி, உடைகிற அலையைத் தாண்டி, நனைந்துகொண்டே வந்து சேரவேண்டும். பாலம் வந்தபின் படகுகள் அலை உடையும் இடத்துக்கு உள்ளே வராமல் பாலத்தின் நுனியிலேயே சரக்கை இறக்கிவிட முடிந்தது, அவ்வளவுதான் அதன் வேலை, ஆனால் அந்த நாளைக்கு அது பெரிய வேலை. பிரான்சுக்குப் போன நிலக்கடலை, ஆப்பிரிக்காவுக்குப் போன நீலத் துணி எல்லாம் இந்தக் கரையிலிருந்து கிளம்பியவை. ரீயூனியனுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றி அனுப்பப்பட்ட தமிழர்களும் இந்தக் கரையிலிருந்துதான் கப்பலேறினார்கள். சுற்றுலாக் கையேடுகள் பிரெஞ்சுக் கட்டடங்களை வர்ணிக்கிற வேகத்தில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம். 1952 புயலோடு அந்தப் பாலத்தின் கதை முடிந்தது.

2022 மார்ச்சில், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தபோது ஒரு பகுதி விழுந்தது புதிய பாலம். அது தெற்கே, வம்பாகீரப்பாளையம் பக்கம். பழையது போனபின் கட்டத் தொடங்கி 1960-களின் தொடக்கத்தில் முடித்தார்கள், நீளம் ஏறத்தாழ 280 மீட்டர். சரக்குக் கப்பல் வருவது நின்று ரொம்ப காலம் ஆயிற்று, கடைசிக் காலத்தில் அதில் அதிகம் ஏறி இறங்கியது சினிமாப் படப்பிடிப்புக் குழுவினர்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: 150 வருஷத்து இரும்பு இன்னும் நிற்கிறது, 60 வருஷத்து கான்கிரீட் விழுந்துவிட்டது. அந்தக் காலத்து வேலை அந்தக் காலத்து வேலைதான் என்று ஒத்துக்கொள்கிறீர்களா? (வாசகர், கடலூர்)

ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய பாலம் எங்கே நிற்கிறது? கால்கள் சில நிற்கின்றன, மேலே இருந்த தளம், குறுக்குச் சட்டம், கைப்பிடி எல்லாம் கடலுக்குப் போய் எழுபது வருஷமாகிறது. அது 86 வருஷம் வேலை செய்தது, இது ஏறத்தாழ அறுபது. இடையிடையே பழுது பார்த்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்த விஷயம் இது, முன்னோர் பெருமைக்கு இதில் பெரிய இடம் இல்லை.

கடலில் கான்கிரீட் எப்படிச் சாகிறது என்று தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் குறையும். கான்கிரீட்டுக்கு உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை அந்த கான்கிரீட்டின் காரத்தன்மைதான் துருவிலிருந்து காப்பாற்றுகிறது. உப்பில் இருக்கும் குளோரைடு நுண்துளைகள் வழியாக வருஷக்கணக்கில் ஊறி உள்ளே போய்க் கம்பியைத் தொட்டுவிட்டால் அந்தக் காப்பு போய்விடும், கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் உள்ளிருந்தே தள்ளி கான்கிரீட்டைப் பிளக்கிறது, பிளவு வழியாக இன்னும் உப்புத் தண்ணீர் போகிறது, அப்புறம் வேகம் பிடித்துவிடும். வெளியே முதல் பழுப்புக் கோடு தெரியும்போதே உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எப்போதும் தண்ணீருக்குள் முழுகியிருக்கும் பகுதி அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. துருப்பிடிக்க ஆக்ஸிஜன் வேண்டும், ஆழத்தில் அது குறைவு. அலை தெறித்து நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைகிற அந்தச் சில அடி உயரம்தான் எமகண்டம். இரும்புப் பாலமோ கான்கிரீட் பாலமோ, இடுப்பில்தான் முதலில் அடி விழும். பழைய பாலத்தில் கால் மிஞ்சி உடம்பு போனதற்கும் இதில் பங்கு உண்டு.

புதிதாகக் கட்டவேண்டுமா என்று இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். நடக்கவும் கடல் பார்க்கவும் ஒரு பாலம் வேண்டும் என்றால் கட்டட்டும், ஆனால் திறப்பு விழாச் செலவோடு முப்பது வருஷப் பராமரிப்புப் பணத்தையும் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுக் கட்டட்டும்.

கேள்வி: துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னையில் கப்பல் எங்கே நின்றது? இயற்கைத் துறைமுகம் இல்லாத இடத்தில் எதற்காகக் கோட்டை கட்டினார்கள்? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாக: துணி. நல்ல நெசவு மலிவாகக் கிடைக்கிற இடம், நிலம் கொடுக்க உள்ளூர் நாயக்கர் தயார், போட்டிக்காரர்கள் சற்றுத் தள்ளி இருந்தார்கள். கப்பலுக்கு வசதியா என்பது 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆங்கிலேயர்களுக்கு இரண்டாவது கவலை. அந்தக் கவலையை அடுத்த 250 வருஷம் பட்டார்கள்.

முதல் கேள்வி சுவாரசியமானது. கப்பல் கரையிலிருந்து ஒரு மைல், சில சமயம் அதற்கும் மேல் தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அலை உடைகிற வரிசைகள். சோழமண்டலக் கரையில் அந்த அலையைச் சாதாரணக் கப்பல் படகில் தாண்ட முடியாது, ஆணி அடித்து இறுக்கிச் செய்த படகு மணலில் ஒரு மோது மோதினால் பிளந்துவிடும். அதனால் மசூலா படகு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது, ஆணி கிடையாது, உள்ளே விலா எலும்பு மாதிரியான சட்டங்களும் கிடையாது. அலை தூக்கிப் போட்டாலும் வளைந்து கொடுக்கும், உடையாது. தண்ணீர் ஒழுகும், அதை அள்ளி ஊற்ற ஓர் ஆள். துடுப்புப் போட எட்டுப் பத்துப் பேர், பின்னால் நின்று நீளத் துடுப்பால் திசை திருப்பும் தண்டல். அவர் பின்னாலிருந்து வரும் அலையைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியான அலை வந்ததும் குரல் கொடுப்பார், அத்தனை பேரும் உயிரைக் கொடுத்து வலிப்பார்கள், அலையின் முதுகில் ஏறியபடியே படகு கரையில் வந்து விழும். ஒரு நொடி தப்பினால் குறுக்காகத் திரும்பிக் கவிழ்ந்துவிடும்.

வெள்ளைக்காரப் பெண்களைக் கப்பலிலிருந்து நாற்காலியில் உட்காரவைத்துக் கயிற்றில் கட்டிப் படகுக்குள் இறக்கினார்கள். கடல் இன்னும் மோசமாக இருந்தால் படகும் போகாது, போகக்கூடாது என்று கரையில் கொடி ஏற்றிவிடுவார்கள். அப்போதும் கட்டுமரக்காரர்கள் போவார்கள். கூம்பு மாதிரியான தொப்பிக்குள் தண்ணீர் புகாதபடி கடிதங்களை வைத்துக்கொண்டு, அலை அடித்துத் தள்ளினால் மறுபடி நீந்தி மரத்தைப் பிடித்து ஏறி, கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பயணிகள் எழுதியதைப் படித்தால் பாதிக்குமேல் படகுக்காரர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள் என்ற புலம்பல்தான். அந்த அலையில் என்னை யாராவது கரை சேர்த்திருந்தால் நான் பேரம் பேசியிருக்க மாட்டேன்.

கேள்வி: சென்னையிலும் ஓர் இரும்புக் கடல் பாலம் இருந்தது என்று தாத்தா சொல்வார். அவருக்கே அவருடைய தாத்தா சொன்னதாம். உண்மையா? இருந்தால் எங்கே போனது? (வாசகர், ராயபுரம்)

உண்மை. உங்கள் வீட்டுச் செவிவழிச் செய்தி ஐந்து தலைமுறை தாண்டியும் சரியாக இருக்கிறது.

இப்படி ஒரு பாலம் வேண்டும் என்று முதலில் சொன்னவராக வாரன் ஹேஸ்டிங்ஸைக் குறிப்பிடுகிறார்கள். பின்னாளில் கவர்னர் ஜெனரல் ஆனவர், 1770-இல் சென்னையில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தார். அவர் சொன்னதற்கும் பாலம் வந்ததற்கும் நடுவில் 91 வருஷம். அரசாங்கக் கோப்பு நகரும் வேகம் நாம் கண்டுபிடித்ததல்ல என்று இதைப் படிக்கும்போதெல்லாம் ஓர் ஆறுதல். 1861-இல் முடிந்த பாலம் சுமார் 1,100 அடி நீளம். கோட்டைக்கு வடக்கே, வணிக நிறுவனங்கள் வரிசையாக இருந்த இன்றைய ராஜாஜி சாலைக்கு எதிரே கடலுக்குள் நீண்டு, அலை உடையும் வரிசைகளைத் தாண்டி நின்றது.

ஆனால் ஒன்று, அந்தப் பாலத்தால் அலையைத் தாண்ட முடிந்ததே தவிர அலையை நிறுத்த முடியவில்லை. கால்களுக்கு நடுவே கடல் சுதந்திரமாகப் போய் வந்துகொண்டிருந்தது. நுனியில் வந்து நிற்கும் படகு ஏறி இறங்கி ஏறி இறங்கி பாலத்தில் மோதும், பெரிய கப்பல்கள் பழையபடி தூரத்திலேயே. வங்கக் கடலில் புயல் அடித்தால் நங்கூரம் அறுந்த கப்பல் நேராகக் கரைக்கு வரும், வழியில் பாலம் நின்றால் பாலத்தின் மேல் வரும். 1868-இல் ஒரு புயல், 1872-இல் இன்னொன்று, பாலம் நடுவில் அறுந்து பயனில்லாமல் போயிற்று.

சரி, பாலம் போதாது, கடலையே சுவர் வைத்து வளைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டம்: பாலத்தை நடுவில் வைத்துக்கொண்டு, வடக்கே 500 கெஜம் தள்ளி ஒரு சுவர், தெற்கே 500 கெஜம் தள்ளி ஒரு சுவர், இரண்டும் கடலுக்குள் போய் உள்பக்கமாக வளைந்து, கிழக்கே பார்த்து ஒரு வாசல். 1875 டிசம்பர் 15 அன்று, பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டினார். ஆறு வருஷம் வேலை நடந்து, முடிகிற நேரத்தில், 1881 நவம்பர் 12 அன்று புயல். அரை மைல் நீளச் சுவர் போயிற்று, மேல் இரண்டு வரிசை கான்கிரீட் கட்டைகள் பெயர்ந்து உள்ளே விழுந்தன, கல் தூக்குவதற்காக வைத்திருந்த டைட்டன் கிரேன்களில் இரண்டைக் கடல் கவிழ்த்துவிட்டது, வேலைக்காகப் போட்ட தண்டவாளம் ஒன்றரை மைல் அடித்துக்கொண்டு போனது.

மறுபடி கட்டினார்கள், அந்த நூற்றாண்டு முடிகிற வரைக்கும் கட்டினார்கள். கட்டியபின்னும் கிழக்கு வாசல் வழியாக அலை நேராக உள்ளே வந்து கப்பல்களை ஆட்டியது, மணலும் வாசலை அடைக்கத் தொடங்கியது. 1904-இல் துறைமுகப் பொறுப்புக்கு வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் அந்த வாசலை மூடிவிட்டு வடகிழக்கில் புது வாசல் திறந்தார். கணித மேதை ராமானுஜன் 1912-இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் துறைமுகக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது அங்கே தலைவராக இருந்தவரும் இதே ஸ்பிரிங்தான், ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போக உதவியவர்களில் அவரும் ஒருவர்.

பாலம் எங்கே போனது என்றுதானே கேட்டீர்கள்? துறைமுகம் அதைச் சுற்றி வளர்ந்து விழுங்கிவிட்டது. ராயபுரத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான், ஆனால் இன்று அங்கே போய் நின்று இதுதான் இடம் என்று கை நீட்டிக் காட்ட வழியில்லை, பாதுகாப்பு வளையம்.

கேள்வி: கிரேன், நீர்மூழ்கி உபகரணம் எல்லாம் ஒழுங்காக இல்லாத காலத்தில் கடல் மணலில் இரும்புத் தூணை எப்படி நட்டார்கள்? மணலில் அடித்தால் நிற்குமா? (கட்டுமான மேற்பார்வையாளர், திருச்சி)

அடிக்கவில்லை, திருகினார்கள். தூணின் அடியில் மூன்று நான்கு அடி அகலத்துக்கு ஒரு திருகு இதழ் இருக்கும், மரத்தில் திருகாணியைத் திருகுகிற மாதிரியே, மேலே குறுக்குக் கம்புகளை மாட்டி ஆட்கள் வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்து தூணை மணலுக்குள் இறக்குவார்கள். அகலமான இதழ் கீழே போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டு லாபம்: மேலிருந்து வரும் எடையை அகலமாகப் பரப்பித் தாங்கும், அலை மேலே தூக்கினாலும் பிடுங்கிக்கொண்டு வராது. வெறும் தூணுக்கு இந்த இரண்டாவது குணம் கிடையாது.

கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் மிட்செல், அயர்லாந்துக்காரர், 1833-இல் காப்புரிமை வாங்கினார். இருபதுகளின் தொடக்கத்திலேயே பார்வை முழுக்கப் போய்விட்டவர் அவர். வேலை நடக்கும் இடத்துக்குப் படகில் போய், தூண்களைக் கையால் தடவிப் பார்த்தே சரி தவறு சொல்வாராம். முதலில் கலங்கரை விளக்கங்களுக்கு, மணல் திட்டில் வேறு எதுவும் நிற்காத இடங்களில், இந்தத் தூண்களைப் பயன்படுத்தினார்கள். 1847-இல் அயர்லாந்தின் கோர்ட்டவுனில் கடல் பாலத்துக்கு வந்தது. அங்கிருந்து பதினான்கே வருஷத்தில் சென்னைக் கரைக்கு வந்துவிட்டது. பம்பாய், பரோடா பக்கத்து ரயில் பாலங்களும் பல இதே திருகுத் தூண்களில்தான் ஆறுகளைத் தாண்டின.

கேள்வி: பாலத்துக் கால்களுக்கு அடியில் மீன் அதிகம் இருக்குமே, ஏன்? (ஏழாம் வகுப்பு மாணவி, காரைக்கால்)

மணல் கடலடியில் எதற்கும் ஒட்டிக்கொள்ள இடம் இல்லை. ஒரு தூண் நட்டால் கொட்டலசு (கூரான ஓடு மூடிய சின்னக் கடல் உயிரி), சிப்பி, பாசி எல்லாம் அதில் வந்து ஒட்டும், அதைத் தின்னச் சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன் வரும், பெரிய மீனைப் பிடிக்க உங்கள் ஊர்த் தாத்தா தூண்டிலோடு வருவார். நிழலும் ஒரு காரணம்.

கேள்வி: மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதற்குத் துறைமுகம்தான் காரணம் என்கிறார்கள். அப்படியானால் துறைமுகம் நல்லதுதானே செய்திருக்கிறது? கடல் பாலத்துக்கும் துறைமுகச் சுவருக்கும் இதில் என்ன வித்தியாசம்? (வாசகர், மயிலாப்பூர்)

மயிலாப்பூரிலிருந்து கேட்கிறீர்கள், அதனால் நல்லது என்று தெரிகிறது. இதே கேள்வியைத் திருவொற்றியூரில் கேட்டால் வேறு பதில் வரும்.

இந்தக் கரையில் மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அலை கரைக்கு நேராக வராமல் சற்றுச் சாய்ந்து வரும், ஒவ்வோர் அலையும் மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தும். தென்மேற்குப் பருவத்தில் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே. முதல் காலம் நீளம், இரண்டாவது குறைவு, ஆகவே வருஷக் கணக்கு பார்த்தால் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது.

கால்களில் நிற்கும் பாலம் இந்தப் போக்குவரத்தில் தலையிடாது. நடுவில் புகுந்து அலையும் போகும், மணலும் போகும். அதே காரணத்தால் அது கப்பலுக்கு நிழல் தராது, புயலுக்கு நிற்காது. கல் சுவர் கப்பலைக் காப்பாற்றும், ஆனால் மணலை அங்கேயே நிறுத்திவிடும். தெற்கே சேரச் சேரக் கடற்கரை அகலமாகிக்கொண்டே போகும், வடக்கே வரவு நின்று செலவு மட்டும் தொடரும். ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டாக வேண்டும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. கடல் பாலங்களின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகத் தெரிவது இதுதான், கட்டியவர் பெயரும் நாளும் அப்புறம்தான்.

மெரினாவில் நம்பிக்கை வராதவர்கள் ஐஸ் ஹவுஸைப் பாருங்கள், இன்றைய விவேகானந்தர் இல்லம். 1842-இல் கட்டியது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை மசூலா படகில் இறக்கிக் கொண்டுவந்து வைப்பதற்கான கிடங்கு அது, உருகுகிற சரக்கை வைக்கிறவர்கள் கடலை ஒட்டித்தானே கட்டியிருப்பார்கள்? இன்று அதன் வாசலிலிருந்து அலையில் கால் நனைக்க எவ்வளவு மணலில் நடக்கவேண்டியிருக்கிறது! துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு சேர்ந்த மணல் அது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-இல் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தபோது கடற்கரை இவ்வளவு அகலம் இல்லை. கூவத்தின் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடிக்கொள்வதற்கும் இதே மணல் காரணம்.

வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடல் உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கிறது. தெருக்களும் வீடுகளும் போயின, அப்புறம் கல் கொட்டினார்கள், கொட்டிய இடம் நின்றது, அதற்கு அடுத்த ஊர் அரிக்கத் தொடங்கியது, அங்கே தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற துரத்தல்.

புதுச்சேரியிலும் இதே பாடம், சுருக்கமான பதிப்பு. இரும்புப் பாலம் இருந்த காலம் முழுக்க ஊருக்கு மணல் கடற்கரை இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் சுவர்கள் நீட்டினார்கள், வடக்கே நகரத்தின் கடற்கரை மெல்ல மறைந்து கருங்கல் குவியல் மட்டும் மிஞ்சியது. 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் ஓர் எஃகுத் திட்டை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்தபின்தான் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. முப்பது வயதுக்காரர்கள் தங்கள் ஊரில் மணலைப் பார்க்க அதுவரை காத்திருந்தார்கள்.

கேள்வி: தனுஷ்கோடியில் ரயிலிலிருந்து இறங்கி நேராகக் கப்பலில் ஏறுவார்களாமே? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மானாமதுரை)

உங்களுக்குத் தெரியாததை நான் என்ன சொல்லப் போகிறேன், இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1914-க்கு முன் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டும், ஒரு ராத்திரி முழுக்கக் கடல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போயிற்று, அங்கே இறங்குதுறை, எதிர்க்கரையில் தலைமன்னார் இறங்குதுறை, நடுவில் சுமார் 35 கிலோமீட்டர் கடல் மட்டும். எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் போட் மெயில் என்ற ரயிலில் உட்கார்ந்து, கப்பல் மாறி, மறுபடி இலங்கை ரயில் ஏறிக் கொழும்பில் இறங்கலாம். இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் அந்த வழியில் ஓடியவை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ரயிலையும் ஊரையும் இறங்குதுறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. அதன்பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, இலங்கையில் போர் தொடங்கியபின் 1980-களில் அதுவும் நின்றது.

எதிர்க்கரையில் தலைமன்னார் ரயில் பாதை போரில் அழிந்து, 2015 மார்ச்சில் மறுபடி திறக்கப்பட்டது. ரயில் இப்போதும் இறங்குதுறை வரை வந்து நிற்கிறது, ஏறுவதற்குக் கப்பல்தான் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் சேவை தொடங்கியிருக்கிறது, போக நினைக்கிறவர்கள் அந்த வழியைப் பாருங்கள், கிளம்புமுன் அன்றைக்கு ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: உலகத்திலேயே நீளமான கடல் பாலம் எது? (வாசகர், ஓசூர்)

உலாவுவதற்கென்று இருப்பவற்றில் இங்கிலாந்தின் சவுத்எண்ட் பாலம், 2.16 கிலோமீட்டர், அதன் மேலேயே குட்டி ரயில் ஓடுகிறது. 1986-இல் ஒரு கப்பல் மோதி அதை இரண்டாக அறுத்தது, சென்னைப் பாலத்துக்கு நேர்ந்த கதிதான். நம் பக்கத்தில் திருவனந்தபுரம் வலியதுறைப் பாலத்தையும் 1947-இல் ஒரு கப்பல் மோதி உடைத்திருக்கிறது. சரக்குக்கான பாலங்களில் மெக்சிகோவின் புரோகிரேசோ பாலம் 6 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் போகிறது, அங்கே கடல் அவ்வளவு ஆழம் குறைவு, கப்பலுக்குத் தேவையான தண்ணீர் கிடைக்க அத்தனை தூரம் போகவேண்டியிருக்கிறது. கேரளத்தில் ஆலப்புழையில் 1862-இல் கட்டிய கடல் பாலத்தின் மிச்சங்களும், கோழிக்கோடு கடற்கரையில் பழைய பாலத் தூண்களும் உண்டு, ஓசூரிலிருந்து ஒரு வார விடுமுறைக்கு அவை போதும்.

கேள்வி: பழைய பாலத் தூண்களைச் சுற்றி நீந்தலாமா? நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். (வாசகர், செங்கல்பட்டு)

வேண்டாம். தூணைச் சுற்றிச் சுழலும் நீர் அடி மணலைத் தோண்டிப் பள்ளமாக்கியிருக்கும், இடுப்பளவு என்று நினைத்து வைக்கிற அடுத்த அடி தலைக்கு மேல் போகலாம். தூணில் ஒட்டியிருக்கும் கொட்டலசு பிளேடு மாதிரி அறுக்கும், அலை உங்களை அதன் மேல்தான் தள்ளும். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் முறிந்த குறுக்குச் சட்டங்கள் வேறு இருக்கும். மீனவர்களே வலையைச் சற்றுத் தள்ளித்தான் போடுகிறார்கள். நண்பர்களோடு போங்கள், கரையில் உட்கார்ந்து பாருங்கள்.